டயரில் இறக்கிய காற்று

சிவகாசி
ஆடி 20

அன்புள்ள சங்கிலிமுத்து அண்ணனுக்கு,

ஷாஹிதா எழுதிக்கொள்வது. இங்கு நானும் பெனாசிரும் நலம். திருப்பூரில் மகள் வீட்டில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் என் பெயரைப் பார்த்ததும் கட் செய்துவிடுகிறீர்கள். கடிதத்தைக் கட் செய்ய முடியாதே, அதனால்தான் எழுதுகிறேன். கிழிப்பதானாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டர் கொடுத்த கார் சித்திரையிலிருந்து பன்னிரண்டுதான் கொடுத்தது. பெட்ரோல் எங்கே போகிறது என்று உங்கள் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். ஒன்பது வருஷமாக எங்களுக்குக் கார் ஓட்டி, என் மகள் பெனாசிரைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போன மனுஷரிடம்! சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போனீர்கள். இந்த வாயை என்ன செய்தால் தகும்?

மறுவாரம் மெக்கானிக் பாண்டிச்செல்வத்திடம் வண்டியை விட்டேன். பெட்ரோல் ஒழுகவில்லை. ஏர் ஃபில்டரும் பிளக்கும் சுத்தம். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார், பிரேக் உரசிப் பிடித்திழுக்கவும் இல்லை. கடைசியில் காற்றை அளந்தால், முப்பத்திரண்டு இருக்க வேண்டிய இடத்தில் பத்தொன்பது. நாலு டயரிலும் அப்படியே. பஞ்சரும் இல்லை. காற்று குறைந்தால் வண்டி இழுக்காது, பெட்ரோலைக் குடிக்கும் என்றார். நிரப்பியதும் பழையபடி பதினேழு வந்துவிட்டது.

மன்னிப்புக் கேட்க நாரணாபுரத்தில் உங்கள் வீட்டுக்குப் போனேன். இருளம்மாள் மதினிதான் விஷயத்தைச் சொன்னார். பங்குனியில் மதினி வேலை பார்த்த பட்டாசு ஆலை வாசலில் லாரி டயர் வெடித்ததும், ஆலைதான் வெடித்தது என்று பெண்கள் விழுந்தடித்து ஓடியதும், மதினிக்கு முழங்கால் உடைந்ததும் எனக்குத் தெரியும். அதன்பிறகு, வெயில் நாளில் அந்த வழியாகப் போகுமுன் நீங்கள் காற்றை இறக்கிவிடுவது தெரியாது.

"நம்ம டயரும் வெடிச்சு அந்தப் பொம்பளைப் பிள்ளைக மறுபடி ஓடிறக் கூடாதுன்னுதான் தாயி. சொன்னா நீங்க சிரிப்பீகன்னு சொல்லலை," என்றார் மதினி.

நான் சிரிக்கவில்லை அண்ணே. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். முழங்காலை மடக்க முடியாத மதினிதான் எழுந்துபோய்க் காப்பி போட்டுக் கொடுத்தார்.

ஒன்றை மட்டும் கோபிக்காமல் கேளுங்கள். காற்று குறைந்த டயர்தான் சூடேறி வெடிக்குமாம். ஓரம் தேய்ந்திருப்பதைப் பாண்டிச்செல்வம் காட்டினார். சரியான அளவில் இருந்தால் பயமில்லையாம். நான்கும் புது டயர் போட்டாயிற்று.

இப்போது நானே ஓட்டுகிறேன். நேற்று அந்த ஆலைப் பக்கம் ஹாரன் அடிக்கப் போனபோது பெனாசிர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா இங்கன ஹாரன் அடிக்க மாட்டாகம்மா," என்றாள். இத்தனை வருஷம் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தும் எனக்கு இது தெரியவில்லை. எங்களையும், அந்தச் சுவருக்குள் இருக்கிற முகம் தெரியாத பிள்ளைகளையும் காத்துக்கொண்டு போனதற்கு நன்றி அண்ணே.

அல்லாஹ் உங்களுக்கும் மதினிக்கும் நல்ல சுகத்தைத் தரட்டும். வேறு டிரைவர் யாரையும் வைக்கவில்லை. கோபம் தீராவிட்டால் தீராமலே வாருங்கள். ஓட்டிக்கொண்டே திட்டலாம், நான் பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வருகிறேன்.

உங்கள் தங்கை,
ஷாஹிதா