ஆனியில் மழை

ஆனி, வெள்ளி

ஒரே புழுதிக் காற்று. ஆற்றில் மணல் பறக்கிறது. தொண்டை கட்டிவிட்டது. சுக்கு வாங்க வேண்டும்.

திங்கட்கிழமை ராசாத்திக்குப் பரீட்சை. என் தம்பி மகள், வயது பதினான்கு. ரங்கூனில் குண்டு விழுந்ததும் அம்மாவோடு காடு மலையெல்லாம் நடந்து வந்து சேர்ந்தவள். தம்பியைப் பற்றி இன்னும் தகவல் இல்லை. அங்கே இரண்டாம் பாரம், அதாவது ஏழாம் வகுப்பு, படித்தாள். இங்கே எந்த வகுப்பு என்பதை, நான் வேலை பார்க்கும் பள்ளியின் பெரிய டீச்சர் கேள்வி கேட்டு முடிவு செய்வார்.

சாப்பிடும்போது அண்ணன் சொன்னார்: "ரெண்டாம் பாரம் கெடச்சாப் படிக்கட்டும். இல்லைன்னா செக்கானூரணி மாப்ள வீட்டை வரச் சொல்லிருவேன். வயசுக்கு வந்த பிள்ளைய எம்புட்டு நாளைக்கு வச்சிருக்க?"

ராசாத்தியின் அம்மா குனிந்து அவருக்கு ரசம் ஊற்றினாள். அண்ணன் சோறு போடுகிற வீடு. நான் மட்டும் என்ன பேசிக் கிழித்தேன்.

ஞாயிறு

துணி துவைத்தது. அரிசி புடைத்தது. மற்ற நேரமெல்லாம் ராசாத்தியோடு.

தெரிந்தவை: இங்கிலீஷ், என்னைவிட நன்றாக. பர்மா எழுத்து. ஐராவதி ஆறு, பார்க்காமலே படம் போடுகிறாள்.

தெரியாதவை: மாகாணி, அரைக்கால் என்கிற நம்மூர்ப் பின்னக் கணக்கு. "இப்படியெல்லாமா கணக்கு இருக்கு, அத்தை?" என் நாலாம் வகுப்புச் சுண்டைக்காய்கள் இதைத் தூக்கத்தில் சொல்லும்.

பொழுது சாய்வதற்குள் வாய்ப்பாட்டை முழுங்கிவிட்டாள். கெட்டிக்காரக் கழுதை.

திங்கள்

கணக்கு அத்தனையும் சரி. மாகாணியில் தடுமாற்றமே இல்லை. பெரிய டீச்சரின் முகம்கூட மலர்ந்தது. பிறகு பொது அறிவு.

"மழை எப்ப பெய்யும்?"

"ஆனி, ஆடி, ஆவணி. விடாம ஊத்தும், டீச்சர்."

சன்னலுக்கு வெளியே அனல். தையல் டீச்சர் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"ஐப்பசி அடைமழை தெரியாதா உனக்கு?" என்றார் பெரிய டீச்சர்.

"ஐப்பசியில மழை விட்டுரும், டீச்சர். ஊரு பூரா விளக்கு வப்பாக."

"எதுத்தா பேசுற?"

வைகை எங்கே பிறக்கிறது? தெரியவில்லை. முடிந்தது. நாலாம் வகுப்பு.

"பொது அறிவே இல்லம்மா இந்தப் பிள்ளைக்கு" என்றார் என்னிடம்.

யாருக்குப் பொது? அவள் சொன்னது ரங்கூன் மழை. என்னை ரங்கூனில் நிறுத்திக் கேட்டிருந்தால் நானும் ஐப்பசி என்றுதான் சொல்லியிருப்பேன். அங்கேயும் எவளாவது வாயைப் பொத்திச் சிரித்திருப்பாள். இதை அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. சீ, என்ன பிறவி நான்! மாகாணியைப் பிடித்துத் தொங்கினேன். மழையைச் சொல்லித் தர வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

செவ்வாய்

சுக்கு வாங்கவில்லை. அண்ணன் ஆள் அனுப்பிவிட்டார். நாளைக்கே பெண் பார்க்க வருகிறார்கள். "பொன்னு கெடச்சாலும் புதன் கெடைக்காது" என்கிறார்.

ராசாத்தியின் அம்மா அடுப்படியில் அழுகிறாள். ராசாத்தி அழவில்லை.

"நாலாம் வகுப்புல சேத்துட்டாகல்ல, அத்தை?"

"பொடிசுகளோடயா உக்காருவ? மானம் போகும்டி."

"போகட்டும்."

புதன்

காலையிலேயே வெயில். முதல் மணி அடித்ததும் ராசாத்தி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். முழங்காலை மடக்க இடமில்லை. "புது டீச்சரா, டீச்சர்?" என்றது ஒரு வாண்டு. எல்லாம் சிரித்தன. அவளும் சிரித்தாள்.

பெயர் கூப்பிட்டேன். "உள்ளேன், டீச்சர்." அத்தை என்று வாய் தவறவில்லை.

பாதிப் பாடத்தில் வாசலில் அண்ணன். வேர்த்து விறுவிறுத்து.

"மாப்ள வீட்டுக்காரக வந்து உக்காந்திருக்காக. பிள்ளைய அனுப்பு."

ராசாத்தி எழுந்திருக்கவில்லை. என்னையே பார்த்தாள். சாக்பீஸை மேசையில் வைத்தேன். பிறந்ததிலிருந்து அண்ணன் பேச்சை மீறியதில்லை.

"பாடம் நடக்குதுண்ணே. அவ வரமாட்டா."