மகாராஜாவின் புது வாள்

ஐவி அப்பா மகாராஜாவுக்கு,

மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போகிறேன். ஆப்பம் மூடி வைத்திருக்கிறது. சிம்மாசனத்தை விட்டிறங்கிச் சாப்பிடவும்.

கோயில் நாடகத்தில் இத்தனை வருஷமாக ராஜா வேஷம் கட்டித் தகர வாள் பிடித்தவருக்கு, அந்தக் காலத்து மாதிரியில் சீமையில் அடித்த எஃகு வாள் கிடைத்ததும் கால் தரையில் பாவவில்லை. நான் படுக்கிற இடத்தில் இப்போது அது படுக்கிறது. மயிலாப்பூர்மேல் கிண்டிக்காரர்கள் படையெடுப்பதாகத் தகவல் இல்லை.

"அது இருக்கணும், இல்லே நான் இருக்கணும்" என்று நேற்று நான் போட்ட சத்தத்தில், விற்ற பவுல்சாமியே அதைத் திருப்பி எடுத்துப்போகக் காலையில் வருகிறார். முகத்தைத் தூக்காமல் கொடுத்துவிடவும்.

நோரா

பி.கு.: துடைத்து வைக்கலாமென்று கையில் எடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, கை நிறைந்து நிற்கிறது. கண்ணாடி முன்னால் இரண்டு வீச்சு வீசியும் பார்த்தேன். பவுல்சாமிக்குக் காப்பி கொடுத்து வெறுங்கையோடு அனுப்பிவிடுங்கள். ஜன்னல் திரை கிழிந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கக்கூடாது.