துரையின் புத்தகங்களுக்குப் பொட்டு

சுபானு வருஷம், புரட்டாசி 12, செவ்வாய்

இந்தப் பட்டாளப் பயிற்சிப் பள்ளிக்குக் குடிவந்து ஒரு மாதம் ஆகிறது. புதுச்சத்திரம் சந்தைக்குப் போனால்தான் இன்னொரு பெண் முகத்தைப் பார்க்கலாம். மற்ற நேரமெல்லாம் பூட்ஸ் சத்தம். இருந்தாலும் ராசிபுரத்தில் ஓரகத்தி சுப்பம்மாள் வாயில் விழுந்து எழுந்ததற்கு இது சொர்க்கம்.

இவருக்கு இது மூன்றாவது வேலை. செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக்கடையில் முதலாளியையே எதிர்த்துப் பேசிவிட்டு வந்தார். அச்சாபீஸில் தூங்கி விழுந்து அனுப்பப்பட்டார். இதையும் விட்டால் வயிற்றுப் பிள்ளையோடு நான் சுப்பம்மாள் வாசலில் போய் நிற்க வேண்டும். கடவுளே, அது மட்டும் வேண்டாம்.

புது நூலகக் கட்டடம் திறந்தாயிற்று. இவர்தான் குமாஸ்தா. "ஒரு நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன் புள்ளே" என்கிறார். வாய்ப்பந்தல்!

புரட்டாசி 17, ஞாயிறு

போய்ப் பார்த்தேன்! துரைமார் யாரும் இல்லாத நாள். வாசலில் செருப்பைக் கழற்றினேன். "இங்க எல்லாரும் பூட்ஸோடதான் வருவாங்க" என்று சிரித்தார். "அவங்க வரட்டும்" என்றேன்.

உள்ளே வார்னிஷ் வாசனை. கூரை வரை அலமாரி, ஏறி எடுக்க ஏணி வேறு. ஜன்னல் ஒவ்வொன்றும் எங்கள் ராசிபுரத்து வீட்டு வாசலை விடப் பெரிது. தோல் அட்டை, பொன் எழுத்து. மேசையில் ஒரு தேசப்படப் புத்தகம். இரண்டு கையாலும்தான் தூக்க முடிந்தது. புரட்டினால் கடல், கடல், கடல். தமிழ்ப் புத்தகம் ஒரு தட்டுகூட நிறையவில்லை. அதற்காகத் துரையோடு சண்டை போடவா முடியும்? சிப்பாய்கள் யாரும் இந்தப் பக்கமே வருவதில்லையாம்.

"ஏனுங்க, இத்தனை புத்தகம் இருக்குது, ஒரு சரஸ்வதி படம் இல்லீங்களா?"

"இது பட்டாளம், நாயகி."

"பட்டாளத்துக்குப் படிப்பு வேண்டாமுங்களா?"

ஏணியை நகர்த்தி வைக்கப் போய்விட்டார்.

புரட்டாசி 20, புதன்

சுபேதார் காளியண்ணன் வந்து சொல்லிவிட்டுப் போனார். நாளை ஆயுத பூஜை. மைதானத்தில் துப்பாக்கிகளை அடுக்கிப் பூஜை செய்கிறார்களாம். கர்னல் துரையே வருகிறாராம். இவருக்கும் ஆசை வந்துவிட்டது. துப்பாக்கிக்கு உண்டு, புத்தகத்துக்கு இல்லையா? எனக்குச் சொல்லவா வேண்டும்! சந்தனம் அரைத்து அரைத்து மணிக்கட்டு வலிக்கிறது.

புரட்டாசி 21, வியாழன், மதியம்

பூஜை நல்லபடியாக நடந்தது. மேசையில் என் கல்யாணப் புடவையை விரித்துப் புத்தகங்களை அடுக்கினோம். "முன்னால இருக்கறதுக்கு மட்டும் பொட்டு வெய்யி" என்று சொல்லிவிட்டு இவர் பொரிகடலை பங்கிடப் போனார். ஒன்றுக்கு வைத்து ஒன்றுக்கு விடலாமா? குறையாகிவிடாதா? கைக்கு எட்டிய அத்தனைக்கும் வைத்தேன். தேசப்படத்துக்குப் பெரிய பொட்டு. பிறகு பூட்டிவிட்டு வந்தோம். எங்கள் வீட்டில் தறிக்குப் பொட்டு வைத்தால் மறுநாள் வரை தொடமாட்டோம். புத்தகமும் அப்படித்தான்.

அதே நாள், சாயங்காலம்

போச்சு. எல்லாம் போச்சு.

ஆர்டர்லி ரங்கன் ஓடி வந்தான், கர்னல் துரை வகுப்புக்குத் தேசப்படம் கேக்குறார்னு. இவர் என்ன சொன்னார்? "இன்னைக்குத் தொடக் கூடாது, நாளைக்கு வாங்க." துரைக்கே! கொஞ்ச நேரத்துல துரையே வந்துட்டார். கதவைத் திறந்து பார்த்ததும் முகம் செவந்து போச்சாம். தோல் அட்டையெல்லாம் சந்தனமும் குங்குமமும் ஊறி — இவ்வளவு ஈரமாவா அரைப்பேன், பாவி! நாளைக் காலையில ஆபீசுக்கு வான்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டார். சத்தம் போட்டிருந்தாக்கூடத் தேவலை.

"நான்தான் வெச்சேன்னு சொல்லிடுங்க" என்றேன். "சும்மா இரு" என்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாமே? அதில்தான் எனக்கு அழுகை வந்தது.

புரட்டாசி 22, வெள்ளி

இவர் ஆபீசுக்குப் போனதும் அண்டா குண்டாவையெல்லாம் சாக்கில் கட்டினேன். "வாங்க மகாராணி" என்று சுப்பம்மாள் வாசலில் நின்று சொல்வது இங்கேயே கேட்டது.

சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார். எனக்கு வந்த கோபம்! "மொதல்ல சொல்லித் தொலைங்க" என்றேன்.

நூலகத்தைப் பூட்ட யார் உத்தரவு கொடுத்தது என்று துரை கேட்டாராம். அங்கே நின்ற சுபேதார் காளியண்ணன்தான், "நேத்து துப்பாக்கிக்கு மாலை போட்டப்போ துரையும் இருந்தீங்க. நாள் முழுக்க ஒருத்தரும் தொடலீங்க. துரையும் தொடச் சொல்லலீங்க" என்றாராம். துரை மீசைக்குள் ஏதோ முனகினாராம்.

"துப்பாக்கியை எப்போது எடுத்தீர்கள்?"

"இன்னைக்குக் காலையிலங்க. மொதல் வெடியும் வெடிச்சாச்சுங்க."

"புத்தகத்தை?"

அப்போதுதான் இவர் வாயைத் திறந்தாராம். "இன்னைக்கு யாராச்சும் ஒருத்தர் எடுத்துப் படிக்கணுமுங்க."

துரை விறுவிறுவென்று நூலகத்துக்கு நடந்தார். பொட்டு காய்ந்து கிடந்த தேசப்படத்தை எடுத்து, நின்றபடியே ஒரு பக்கம் உரக்கப் படித்தார். போகும்போது, அடுத்த வருஷம் முன்கூட்டியே உத்தரவு வாங்கு, இந்த அட்டையெல்லாம் நீயே துடை என்று ஒரு சத்தம் போட்டாராம். போடட்டும். நன்றாகப் போடட்டும்! சாமி, இப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

சாக்கை அவிழ்த்துப் பருப்பு வேக வைத்தேன்.

புரட்டாசி 24, ஞாயிறு

இரண்டு பேருமாகத் துடைத்தோம். குங்குமம் போகிறதா? தேசப்படத்தில் அசையவே இல்லை.

ஐப்பசி 9

அந்த விஷயம் பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. இப்போது சாயங்காலமானால் சிப்பாய்கள் நூலகத்துக்கு வருகிறார்களாம். வாசலில் வரிசையாகப் பூட்ஸ் கிடக்கிறது என்று இவர் சொன்னார். எழுத்துத் தெரியாதவர்கள் தேசப்படத்தைப் புரட்டி, எந்தக் கடலுக்கு அந்தப் பக்கம் சண்டை நடக்கிறது என்று கேட்கிறார்களாம். இவருக்குத் தூங்க நேரமே இல்லை. நல்லது.

கார்த்திகை 3

ரங்கன் இரண்டு மரப்பெட்டிகளை வாசலில் இறக்கிவிட்டுப் போனான். சென்னையிலிருந்து வந்த புதுப் புத்தகங்கள். அலமாரியில் ஏற்றுவதற்கு முன்னால் குமாஸ்தா வீட்டு அம்மாள் பொட்டு வைக்க வேண்டுமாம். துரை உத்தரவு. ஆனால் பொட்டு சின்னதாக இருக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருக்கிறார்.

பார்க்கலாம்.