தோலைப் பார்த்து வாங்கிய ஹெட்ஃபோன்

இன்று ஞாயிற்றுக்கிழமை. பீரோ மேல் தூசி தட்ட ஸ்டூலில் ஏறினேன். ஒரு துணிப்பை தட்டுப்பட்டது. உள்ளே விரல் போனதுமே தெரிந்துவிட்டது, வேலூர் லாங் பஜாரில் நாம் வாங்கிய உன் முதல் ஹெட்ஃபோன். மூக்கருகே கொண்டுபோனேன். காதில் பதிகிற மெத்தையில் ஆட்டுத்தோல் வாசனை இன்னும் அப்படியே இருக்கிறது. நல்ல தோல்தான். அதில் நாம் ஏமாறவில்லை.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன்னிடம் மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்தபோதெல்லாம், "விடு தோஸ்த், பேஜார் பண்ணாத" என்று பேச்சை மாற்றிவிட்டாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் இன்றைக்கு முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாம் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்குகிற மெஷின் உனக்கு. பக்கத்து மேஜையில் செக்கிங் எனக்கு. நீ சீவித் தருவதை நான் கட்டைவிரலால் அழுத்தி, மடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நல்லது கெட்டது பிரிப்பேன். இருபத்திரண்டு வருஷம் அப்படியே போனது. நான் குடியாத்தத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவேன், உனக்கு வீடு நடக்கிற தூரம். மதியச் சாப்பாடு ஒரே மேஜையில். என் வாய்த் துடுக்கு லைன் முழுக்கத் தெரியும். நான் கத்த ஆரம்பித்தால் சூப்பர்வைசர் என்னிடம் வரமாட்டார், உன்னைத்தான் கூப்பிடுவார்.

ஒருநாள் சாப்பிடும்போது, பாட்டுக் கேட்க வேண்டும் போல இருக்கிறது என்றாய். கல்யாணத்துக்கு முன்னால் உன் அப்பா வீட்டு ரேடியோவில் உருது கஜல் கேட்பாயாம். அதற்குப் பிறகு உட்கார்ந்து கேட்டதே இல்லையாம். உன் வீட்டில் ஒன்பது பேர், ஒரு ஹால், இரண்டு அறை. அறைகள் பிள்ளைகளுக்கும் மருமகள்களுக்கும். ஹாலில் மாமியாரின் கட்டில், அதன் கீழே உன் பாய். டிவி ஓயாது. டியூட்டி முடிந்து நீ செருப்பைக் கழற்றும்போதே யாராவது கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.

"சாயங்காலம் ஒரு மணி நேரம், எனக்குன்னு. அவ்ளோதான் வேணும். கெடைக்குமா?" என்று கேட்டாய். கடையில் சரக்கு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாய். எனக்கு உன் வீட்டின் மேலேயே கோபம் வந்தது. ஏன் கிடைக்காது, காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு உட்கார், எவள் என்ன சொல்லுவாள் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டேன். நல்லதாக வாங்கித் தருவது என் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டேன்.

ஒரு மாதம் போகவர பஸ்ஸில் ஃபோனும் கையுமாக இருந்தேன். ஹெட்ஃபோனைப் பற்றி ஜனங்கள் எவ்வளவு எழுதுகிறார்கள், அம்மாடி! ஓம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அது ஜாஸ்தியாக இருந்தால் ஃபோனில் நேராகச் செருகும்போது சத்தம் கம்மியாக வரும், நடுவில் ஒரு ஆம்ப்ளிஃபையர் வேண்டும். வெளிப்பக்கம் வலை போட்டுத் திறந்திருக்கிற ரகம் ஒன்று, மூடியிருக்கிற ரகம் ஒன்று. வீட்டில் உட்கார்ந்து கேட்க வலை போட்டதுதான் அருமை, பாடுகிறவர் எதிரே உட்கார்ந்து பாடுவது போல இருக்கும் என்று எல்லோரும் புகழ்ந்திருந்தார்கள். அதில் சத்தம் வெளியே கசியும் என்றும் எங்கேயோ ஒரு வரி இருந்தது. தனி அறையில் உட்கார்ந்து கேட்கிறவர்கள் எழுதினது அது, அவர்களுக்கு அது ஒரு வரிதான். நானும் அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

போனஸில் உன்னால் ஒதுக்க முடிந்தது கொஞ்சம்தான். ஹெட்ஃபோனுக்குப் பாதி, ஆம்புக்குப் பாதி என்றேன். நீ ஒப்புக்கொள்ளவில்லை. "ஷூ வாங்கிட்டு மிச்சம் இருந்தாத்தான் பாலிஷ் வாங்குவாங்க. காதுல படுறது நல்லதா இருக்கட்டும், பொட்டி சின்னதா போதும்" என்றாய். ஃபோனில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தவர்களும் கடைசியில் அதையேதான் சொன்னார்கள்.

வேலூர் பஸ் ஸ்டாண்டில் நீ எனக்கு முன்னாலேயே வந்து நின்றாய். லாங் பஜாரில் தள்ளுவண்டிக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவே உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் நம்மைப் பார்த்ததும், பையனுக்கா என்று கேட்டார். "எனக்குத்தான்" என்று நீ சொன்ன விதத்தில் அவர் வேறு எதுவும் கேட்காமல் இரண்டை எடுத்து வைத்தார்.

முதலாவது, மூடின ரகம். நீ மாட்டிக்கொண்டாய். தெருவின் ஹார்ன் சத்தமே அடங்கிவிட்டது என்று கண்ணை அகல விரித்தாய். நான் மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்தினேன். ரெக்சின். ஆறு மாதத்தில் உரிந்து காதெல்லாம் கறுப்பாக ஒட்டும் என்று சொல்லி, அதை உன் தலையிலிருந்து கழற்றி ஓரமாக வைத்தேன். அடுத்தது வலை போட்டது. அதன் மெத்தையை அழுத்தினால் விரலைச் சுற்றிப் பொடிப்பொடியாகச் சுருக்கம் விழுந்தது. மோந்து பார்த்தேன். நீ நாக்கில் விரலை வைத்து, தையல் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தாய். ஈரம் உள்ளே இறங்கி அந்த இடம் கறுத்தது. கடைக்காரர், மேடம் மேடம் என்று பதறினார். நம் காதில் அது எங்கே விழுந்தது? "செம்மறித் தோலு. சீவுனவன் நல்லா சீவியிருக்கான்டி" என்று நீ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி சந்தோஷப்பட்டாய்.

இது ஓப்பன் டைப், வெளியே கேட்கும் என்று அந்த மனிதர் சொல்லத்தான் செய்தார். இதில் ஹார்ன் எல்லாம் கேட்கிறதே என்று நீயும் இழுத்தாய். எங்களுக்குத் தோல் தெரியும், நீங்கள் பில் போடுங்கள் என்றேன் அவரிடம். பொருளைத் தோலை வைத்து எடை போட்டே பழகின கை. வேறு யாராக இருந்தாலும் காதை வைத்து வாங்கியிருப்பார்கள். கூடவே தீப்பெட்டி மாதிரி ஒரு குட்டி ஆம்ப். ஆளுக்கொரு லஸ்ஸி குடித்துவிட்டு ஊர் திரும்பினோம்.

அதற்குப் பிறகு எட்டு மாதம், எப்போது கேட்டாலும் நன்றாகக் கேட்கிறது என்றாய். நேற்று இந்தக் கஜல் கேட்டேன், அதற்கு இதுதான் அர்த்தம் என்று எனக்குத் தமிழில் சொல்லுவாய். நான் லைன் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். தையல் செக்‌ஷன் பெண்கள் என்னிடம் யோசனை கேட்டு வந்தார்கள். நானும் பெரிய வித்வான் மாதிரி மெத்தையை அழுத்திப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன்.

பிறகு உனக்கு உடம்பு சரியில்லாமல் போனது. வேலூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தாய். இரண்டாவது கேன்சர் ஊசி போட்டு வந்த வாரம் உன்னைப் பார்க்க வந்தேன். இப்போதாவது நாள் முழுக்கப் பாட்டுக் கேட்கலாமே, ஹெட்ஃபோன் எங்கே என்று கேட்டேன். டீ கொண்டுவந்த உன் மருமகள், உன்னை அம்மி என்று கூப்பிடுகிறவள், பாவம், ஒன்றும் தெரியாமல் சொன்னாள். "அதுவா ஆன்ட்டி? வாங்கின மறுநாளே அம்மி எடுத்து வெச்சிட்டாங்க. அவங்க காதுல மாட்டினா ஹால் பூரா கேக்குது. பாட்டி டிவி பாக்க முடியலன்னு திட்டினாங்க."

நீ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாய். நோயாளி என்றுகூடப் பார்க்காமல், எட்டு மாசம் என்னிடம் பொய்யா சொன்னாய் என்று கேட்டுவிட்டேன்.

"அவ்ளோ ஆசையா பாத்து பாத்து வாங்குன. லைன்ல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்த. உன் மூஞ்சி வாடிடும்னுதான் சொல்லல" என்றாய். சொன்ன கஜல்களெல்லாம் சின்ன வயதில் கேட்டவை. நினைவிலிருந்தே எனக்காக எடுத்து எடுத்துச் சொல்லியிருக்கிறாய்.

அன்று பஸ்ஸில் குடியாத்தம் வரும் வரைக்கும் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். முதலில் மாட்டினதே உனக்குச் சரியாக இருந்தது. உன் தலையிலிருந்து அதைக் கழற்றி வைத்தது என் கை. நீ கேட்டதே ஒரு மணி நேரம்தான். எட்டு மாதம் அதை உனக்குக் கிடைக்காமல் செய்தது நான்தான். இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டியிருந்தது. என்னை மன்னித்துவிடு.

அடுத்த ஞாயிறு நான் மட்டும் அதே கடைக்குப் போனேன். மூடின ரகத்தை எடுக்கச் சொல்லி, பாட்டைப் போட்டுக் கடைக்காரரின் தலையிலேயே மாட்டிவிட்டு, ஓர் ஓரமாக அவர் காதருகே என் காதை வைத்துக் கேட்டேன். கடைக்கு வந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். ஒரு முணுமுணுப்புக்கூட வெளியே வரவில்லை. இதற்கு ஆம்பே தேவையில்லை, ஃபோனே போதும் என்றார் அவர். வாங்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன்.

ஆனால் மருந்தால் உன் காதோரத் தோல் வெந்தது போல இருந்தது. ரெக்சின் பட்டால் எரிந்தது. சூப்பர்வைசரிடம் கேட்டு வேஸ்ட் பெட்டியிலிருந்து மெல்லிய ஆட்டுத்தோல் துண்டுகள் கொண்டுவந்தேன். நீ தலையணையில் சாய்ந்துகொண்டு, பேப்பரில் அளவு வெட்டி, ஓரத்தைக் கத்தியாலேயே சீவினாய். சீவின ஓரம் வெங்காயத் தோல் மாதிரி வந்தது. நான் அதை மெத்தைக்கு உறையாகப் பார்த்துப் பார்த்துத் தைத்தேன். மூன்று ஞாயிறு பிடித்தது. மருந்து உன் காதையும் கொஞ்சம் மந்தமாக்கியிருந்ததால் ஃபோன் சத்தம் உனக்குப் பற்றவில்லை. அந்தக் குட்டி ஆம்பை நடுவில் போட்டதும் சரியாகிவிட்டது. பாலிஷ் வீணாகவில்லை பார் என்று நீ சிரித்தாய்.

மூன்றாவது ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணி. ஹாலில் டிவி ஓடுகிறது, குக்கர் கத்துகிறது. நீ சுவரோரம் உட்கார்ந்து மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாய். அந்த ஒரு மணி நேரத்தில் உன் மாமியார் உன்னை மூன்று தடவை கூப்பிட்டார். மருமகள் உன் தோளைத் தொடப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். முதல் தடவை தண்ணீர், நான் கொடுத்தேன். இரண்டாவது மாத்திரை, நான் எடுத்தேன். மூன்றாவது தடவை அவருக்கு எதுவும் தேவைப்படவில்லை, கூப்பிட்டுப் பழகின வாய் கூப்பிட்டது. நான் கிட்டே போய் உட்கார்ந்து, அவ பாட்டுக் கேக்குறாம்மா என்றேன். அவர் உன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவரும் கூப்பிடவில்லை.

ஆறு மணிக்குக் கழற்றினாய். கண் ஈரமாக இருந்தது.

"நடுவுல யாரும் கூப்டவே இல்லடி" என்றாய்.

ஆமாம், யாரும் கூப்பிடவில்லை என்றேன். உன் எட்டு மாசப் பொய்க்கு என் ஒரு பொய்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம்கூட முழுசாக நீ இல்லை. ஒருநாள் தவறாமல் கேட்டாய் என்று மருமகள் சொன்னாள். இரண்டு ஹெட்ஃபோனையும் ஆம்பையும் அவள்தான் என்னிடம் கொடுத்தாள். கூடவே உன் பாட்டு லிஸ்டையும் என் ஃபோனில் ஏற்றிக் கொடுத்தாள்.

இப்போது மணி ஐந்தரை. மூடின ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். பாதி கஜல்களுக்கு இன்னும் அர்த்தம் தெரியாது, நீ சொன்னதை வைத்து ஒப்பேற்றுகிறேன். சற்று முன்னால் என் வீட்டுக்காரர் வந்து தோளைத் தட்டினார். ஒரு காதை மட்டும் விலக்கினேன்.

"எத்தினி தடவ கூப்புடுறது? இன்னா பண்ணிட்டிருக்க?" என்றார்.

"பாட்டு கேக்குறேன். ஆறு மணிக்கு வர்றேன்" என்றேன்.

கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவரிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன், ஊரே கூடுகிற மாதிரி கத்தியிருக்கிறேன். அப்புறம் வருகிறேன் என்று அமைதியாகச் சொன்னது இதுதான் முதல் தடவை.  அவரே சமையல்கட்டுக்குப் போய் டீக்குத் தண்ணீர் வைத்தார்.