மேடைக்கு எந்த ஆம்ப்

பீர்க்கன்கரணை,
17-2-2025

அன்புள்ள அத்தானுக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நமக்குள் சண்டை வருகிறதென்று ஆயர் கடிதம் எழுதச் சொல்லி மூன்று வாரமாகிறது. முதலில் யார் எழுதுவது என்பதிலும் நான்தான் தோற்றேன். சரி, எழுதுகிறேன். அக்கா வீட்டில் சுகமாக இருக்கிறேன். என்னைக் கேட்காமல் என் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, பியூலாவுக்கு உடம்பு சரியில்லை, பிள்ளைகளோடு டூருக்கு வரமாட்டாள் என்று நீங்கள் சொன்னதை இன்னும் மன்னிக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

இப்போது வேறு விஷயம். நம் தாம்பரம் சபையில் பாடகர் குழுவை நடத்தும் பிரசன்னா, ஈஸ்டர் ஆராதனைக்கு பேஸ் கிட்டார் வாசிக்க வருகிறீர்களா அக்கா என்று கேட்டார். யோசிக்காமல் சரி என்றுவிட்டேன். பதினாறு வருஷமாக அக்கா வீட்டுப் பரணில் கிடந்த கிட்டாரை இறக்கிக் கம்பி மாற்றியாயிற்று. விரல் நுனியெல்லாம் கொப்புளம். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் கிட்டாரை எடுக்கத் தோன்றுகிறது. பத்தாம் வகுப்புப் பேப்பர் கட்டு திருத்தாமல் கிடக்கிறது.

கிட்டார் சத்தத்தைப் பெருக்க சபையில் இருந்த பழைய ஆம்ப் எப்போதோ பழுதாகிவிட்டதாம். சொந்தமாக வாங்க வேண்டும். குரோம்பேட்டைக் கடையில் இரண்டு பார்த்தேன். ஒன்று நாற்பது வாட்ஸ், ஒரு கையில் தூக்கலாம். இன்னொன்று நூற்றைம்பது வாட்ஸ், பதினைந்து அங்குல ஸ்பீக்கர், வாஷிங் மெஷின் மாதிரி நிற்கிறது. இரண்டு முறை போய் இரண்டு முறையும் வெறும் கையோடு திரும்பினேன். அந்தக் காலத்தில் சபையின் சவுண்ட் மிக்ஸரில் உட்கார்ந்து ஒவ்வொருவர் சத்தத்தையும் கூட்டிக் குறைத்தவர் நீங்கள்தானே. எதை வாங்கட்டும்?

உங்கள்
பியூலா


மேடவாக்கம்,
25-2-2025

அன்பு பியூலா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். இங்கே தண்ணீர் லாரிக்காரன் ஹார்ன் அடித்தே என் ஆபீஸ் மீட்டிங்கையெல்லாம் கெடுக்கிறான். மற்றபடி சுகம். டூர் விஷயத்தில் உன் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன்.

நாற்பது வாட்ஸே வாங்கு. யோசிக்கவே வேண்டாம். அதிலிருந்து ஒரு கேபிள் மிக்ஸருக்குப் போய்விடும். ஜனங்களுக்குக் கேட்பது ஹாலில் இருக்கும் பெரிய ஸ்பீக்கர்களில்தான். மேடையில் உன் பக்கத்தில் வைக்கிற ஆம்ப் உன் காதுக்கு மட்டும். அதில் ஹெட்போன் மாட்டவும் வசதி உண்டு, நம் ஃபிளாட்டில் யாருக்கும் தொந்தரவு இருக்காது. பெரியதைத் தூக்கிவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்காதே.

எப்போது வருகிறாய்?

ஜாய்சன்


பீர்க்கன்கரணை,
10-3-2025

அன்புள்ள அத்தானுக்கு,

நான் ஆம்பைப் பற்றிக் கேட்டால் நீங்கள் ஃபிளாட்டைப் பற்றி எழுதுகிறீர்கள். போகட்டும். உங்கள் பேச்சைக் கேட்டு, இரண்டு நாள் வாசித்துப் பார்த்துவிட்டுப் பணம் தருகிறேன் என்று நாற்பது வாட்ஸைக் கடையிலிருந்து எடுத்துவந்தேன். ஒத்திகையில் ட்ரம்ஸ் ஆரம்பித்ததும் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

உங்களுக்கு நினைவிருக்கும். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் சபையில் வாசித்தேனே, அப்போது பாடகர் குழுவுக்கு ஞானையா சார்தான் தலைவர். பெஞ்சுகளுக்கு நடுவே நின்று கேட்டுவிட்டு வந்து, "ஏம்மா, நீ வாசிக்கிறது கீழ ஒண்ணுமே கேக்கலியே, விரல்ல தெம்பு இல்லியா?" என்பார். மேடையில் எனக்கு நன்றாகத்தான் கேட்கும். ஆனாலும் பெரியவர் சொல்கிறாரே என்று வீட்டில் ரப்பர் பந்தைப் பிசைந்து பிசைந்து விரலைப் பழக்கினேன். அப்படியும் கேட்கவில்லை என்றார். இது நமக்கு வராது என்று விட்டுவிட்டேன். கல்யாண வேலையால் விட்டதாக எல்லாரிடமும் சொன்னது பொய்.

நீங்கள் மிக்ஸரில் இருந்தீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள். குறை என் விரலிலா, அந்தப் பழைய ஆம்பிலா? விரலில்தான் என்றால் பிரசன்னாவிடம் வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன். பெரிய ஆம்பாக வாங்கி ஊர் சிரிக்க வேண்டாம். சீக்கிரம் எழுதுங்கள், எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பியூலா


மேடவாக்கம்,
24-3-2025

பியூலா,

பத்து நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். உன் விரலில் குறையில்லை. ஆம்பிலும் இல்லை. குறை என்னிடம்தான்.

நீ வாசித்த முதல் ஞாயிறே சபையை நிர்வகிக்கும் சேகர கமிட்டிப் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, "தம்பி, அந்தப் பொண்ணு வாசிக்கிறது நெஞ்சுல வந்து இடிக்குது, ஜெபம் பண்ண முடியல" என்றார். உன்னிடம் சொன்னால் வருத்தப்படுவாய். ஞானையா சாரிடம் சொன்னால் உன்னை நிறுத்திவிடுவார். அதனால் மிக்ஸரில் உன் சத்தத்தை மட்டும் குறைத்தேன். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். பிறகு அடியோடு மூடிவிட்டேன். மேடை ஆம்பின் சத்தம் முதல் பெஞ்சைத் தாண்டாது, உனக்கு எப்படித் தெரியும்? பாட்டு முடிந்ததும் என்னைப் பார்ப்பாய். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவேன். நீ சிரிப்பாய். அந்தச் சிரிப்பு போய்விடுமே என்றுதான் சொல்லவில்லை. நீ விட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் உண்மை.

மன்னிப்பாயா, தெரியவில்லை. பெரியதையே வாங்கு. ஈஸ்டர் அன்று நானே மிக்ஸரில் உட்காருகிறேன், பிரசன்னாவிடம் பேசிவிடுகிறேன். இந்த முறை முழுதாகத் திறந்துவைக்கிறேன். ஆராதனை முடிந்ததும் நம் வீட்டுக்கு வந்துவிடு.

ஜாய்சன்


பீர்க்கன்கரணை,
7-4-2025

அத்தான்,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஏரிக்கரைக்குப் போய் நடந்தேன். முதலில் கோபம் வந்தது, அப்புறம்தான் அழுகை. பதினாறு வருஷமாக என் விரலை நானே திட்டிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள்? அக்கா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "அதே ஆளுதாண்டி டூருக்கும் போன் போட்டது" என்றாள்.

நூற்றைம்பது வாட்ஸை வாங்கிவிட்டேன். குட்டி யானை வண்டி பிடித்து நேரே சபைக்குக் கொண்டுபோனேன். சனிக்கிழமை ஒத்திகையில் மிக்ஸருக்குக் கேபிளே கொடுக்காமல் வாசித்தேன். கடைசி பெஞ்சுவரை கேட்டதாம். கமிட்டியில் ஒருவர் வந்து சத்தம் அதிகம் என்றார். என் முகத்துக்கு நேரே சொன்னார். நானே குமிழைத் திருகிக் கொஞ்சம் குறைத்தேன், அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். விஷயம் இவ்வளவுதான், அத்தான். இதற்கா இரண்டு வருஷம் என்னை ஊமையாக வைத்தீர்கள்?

பிரசன்னாவிடம் நீங்கள் பேச வேண்டாம், நானே பேசிவிட்டேன். மிக்ஸர் பக்கமும் போக வேண்டாம். ஆராதனை முடிந்து நான் அக்கா வீட்டுக்குத்தான் வருவேன். அதற்குப் பிறகு என்ன என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் ஈஸ்டருக்கு வாருங்கள். ஜனங்களோடு ஜனமாக நடு பெஞ்சில் உட்காருங்கள். முதன்முதலாக வாசித்த அந்த ஒரு ஞாயிறைத் தவிர, நான் வாசித்து நீங்கள் கேட்டதே இல்லை.

பியூலா