காவியா குரலில் வந்த போன்

காவியா அப்பாவுக்கு,

சாமைச் சோறும் குழம்பும் அடுப்பு மேல் இருக்கின்றன. புளி விற்க ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போகிறேன்.

காலையில் நீங்கள் நிலத்துக்குப் போனதும் ஒரு போன். "அம்மா, போலீஸ் புடிச்சிக்கினாங்க, பணம் அனுப்பும்மா" என்று நம் காவியா குரலிலேயே அழுகை. உடனே துண்டித்துவிட்டு, அவள் நம்பருக்கு நானே போட்டேன். "ஹாஸ்டல்ல இட்லி துன்றேம்மா, இன்னா விஷயம்?" என்றாள்.

அவள் வைத்ததும் அதே அழுகைப் போன் மறுபடியும் வந்தது. "எம்பொண்ணு இட்லி துன்னுது. நீ யாரு அழறது?" என்றேன். வைத்துவிட்டார்கள். சைபர் போலீஸ் நம்பர் 1930-க்குப் போட்டுப் புகாரும் சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டரில் யார் குரலை வேண்டுமானாலும் அப்படியே செய்துவிடுகிறார்களாம்.

"உனுக்கு எதுக்கு போனு, எவனாச்சும் ஏமாத்திடுவான்" என்று நேற்று கத்தினீர்களே, இனி அந்தப் பேச்சு வேண்டாம்.

அருணா

இன்னொன்று: என் குரலில் யாராவது அழுது பணம் கேட்டால் நம்பாதீர்கள். உங்களிடம் அழுது கேட்கிற ஆளா நான்?