சாக்கடைக் கொழுப்பும் ஒரு சான்றிதழும்

ஜனவரி 9

அன்புள்ள நுரைக்கு,

மண்டி எழுதுவது. நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், ஆலைக்காரர்கள் எல்லோருடைய தூக்கத்தையும் நீதானே வாங்கி வைத்திருக்கிறாய். போனில் பேசியிருப்பேன். நீ பாதியில் "மீட்டிங்டி" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

உன் அலுவலகத்தின் புதிய விதி வந்து சேர்ந்தது. ஜூலையிலிருந்து புது எண்ணெயில் காய்ச்சும் பயோடீசலுக்குப் பசுமைச் சான்றிதழ் கிடையாதாம். கழிவிலிருந்து செய்தால்தான் உண்டாம். ஒவ்வொரு பீப்பாயும் எந்த வாசலிலிருந்து வந்தது என்று காட்ட வேண்டுமாம். நான் இத்தனை வருடமாகப் பாமாயிலை வைத்துத்தான் பிழைக்கிறேன் என்பது உனக்குத் தெரியாதா? சான்றிதழ் இல்லாவிட்டால் நகரப் பேருந்துக்காரர்கள் ஒரு சொட்டுகூட வாங்கமாட்டார்கள். அவர்களை விட்டால் எனக்கு வேறு பெரிய வாடிக்கை இல்லை. ஆலையைப் பூட்டிவிட்டு நானும் பாய்லர்காரரும் உன் வீட்டில் வந்து உட்கார்ந்துவிடுவோம். அவர் வாட்டசாட்டமான ஆள், நன்றாகச் சாப்பிடுவார், இப்போதே சொல்லிவிட்டேன்.

பாலிடெக்னிக் ஆய்வகத்தில் உன் குடுவை நுரைத்துப் பொங்கும்போதெல்லாம் மேசையைத் துடைத்தது யார்? அந்த நன்றிக்காவது விதியின் வாலைக் கொஞ்சம் நறுக்கக்கூடாதா?

கோபத்துடனும் மாறாத அன்புடனும்,
மண்டி


ஜனவரி 21

என் அருமை மண்டிக்கு,

வாலை நறுக்க முடியாது. வேண்டுமானால் உன் தலையைத் தடவிக் கொடுக்கிறேன்.

உனக்கு வரும் பாமாயிலுக்காக எங்கோ ஒரு காட்டை அழித்து எண்ணெய்ப்பனை நடுகிறார்கள். அழித்த காட்டையும் கிளறிய மண்ணையும் புகைக் கணக்கில் சேர்த்தால், உன் பேருந்துகள் பழைய டீசலிலேயே ஓடியிருக்கலாம். இதை உன் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அரசாங்கத்தை விட்டுச் சொல்ல வைத்தேன்.

ஆனால் விதியை முழுதாகப் படி. பொரித்து முடித்த எண்ணெய்க்கு இரட்டை மதிப்பு போட்டிருக்கிறோம். அதில் செய்த டீசலை ஒரு லிட்டர் வாங்கினால், வாங்குபவருக்கு இரண்டு லிட்டர் வாங்கிய பெயர். ஊரில் எத்தனை உணவகங்கள் இருக்கின்றன, போய்க் கேள். அன்று ஆய்வகத்தில் நாங்கள் எல்லோரும் மேலே தெளிந்ததை எடுத்துக்கொண்டு மதிப்பெண் வாங்கினோம். நீ ஒருத்திதான் அடியில் தங்கிய மண்டியைச் சுரண்டி "இது என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தாய். அதனால்தானே உனக்கு இந்தப் பெயரே வைத்தோம். விதியில் அந்த இரட்டை மதிப்பு வரியை எழுதும்போது எனக்கு உன் முகம்தான் ஞாபகம் வந்தது.

பாய்லர்காரருக்கு என் வணக்கம். வரும்போது அரிசி கொண்டுவரச் சொல்.

உன்,
நுரை


மார்ச் 12

அன்பு நுரை,

உன் பேச்சைக் கேட்டேன், ஊரிலுள்ள சமையலறைகளின் பின்வாசல் எல்லாம் எனக்கு அத்துப்படி ஆகிவிட்டது. மருத்துவமனை கேன்டீன் மாஸ்டர் என்னை "பழைய எண்ணெய் மேடம்" என்றுதான் கூப்பிடுகிறார். வண்டி, வடிகட்டி, புதிய தொட்டி என்று எல்லாம் தயார். பொரித்த எண்ணெயில் காய்ச்சிய முதல் டீசல் தெளிந்து வந்த அன்று, பாய்லர்காரர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அவர் கையிலிருந்து காசு வந்ததை நாங்கள் யாரும் முன்பு பார்த்ததில்லை.

இப்போது ஒரு கூத்து. சிப்ஸ் கடைக்காரர் அனுப்பும் எண்ணெய் வர வர அழகாகிக்கொண்டே போனது. போன வாரம் வந்தது தேன் மாதிரி இருந்தது, அடி தெரிந்தது. நேரில் போய்க் கேட்டேன். மனுஷன் ஒளிக்கவே இல்லை.

"மேடம், கடையில புது எண்ணெய் விக்கிற விலைய விட நீங்க பழைய எண்ணெய்க்குக் குடுக்கிறது ஜாஸ்தி. அப்புறம் நான் எதுக்கு ரெண்டு தடவ பொரிக்கணும்? ஒரு ஈடு போட்டு எடுக்கிறேன், உங்களுக்கு ஊத்திடுறேன். சிப்ஸும் நல்லா இருக்குன்னு கூட்டம் வருது."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவரைப் பார்த்து மற்ற கடைக்காரர்களும் ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு வருவதில் பாதி இப்போது இப்படித்தான் வருகிறது. காகிதத்தில் அது பழைய எண்ணெய். தொட்டியில் அது நீ தடுக்க நினைத்த அதே பாமாயில். நான் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் நீ என்னிடம் காட்டைப் பற்றிச் சொல்லிவிட்டாயே, பாவி. என்ன செய்யட்டும்?

குழப்பத்துடன்,
மண்டி


மார்ச் 24

அன்பு மண்டி,

உன் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். கழிவுக்கு மதிப்பு வைத்தால் கழிவை உண்டாக்குவார்கள் என்று இத்தனை பேர் கூடி உட்கார்ந்து யோசித்தும் எங்களுக்குத் தோன்றவில்லை. சிப்ஸ் கடைக்காரருக்கு ஒரு நாளில் தோன்றியிருக்கிறது.

சிரித்து முடித்த பிறகு கடிதத்தை மறுபடி படித்தேன். நீ தோழியாகச் சொன்னாய். படித்த நான் அதிகாரியாகவும் இருக்கிறேன். படிக்காததுபோல் இருக்க என்னால் முடியாது. விதியில் ஓட்டை இருக்கிறது, அடைத்தாக வேண்டும். பொரித்துப் பொரித்து இத்தனை அமிலம் ஏறிய எண்ணெய்தான் கழிவு, அதற்குக் குறைந்தால் செல்லாது என்று ஒரு திருத்தம் வரும். வந்தால் உனக்கு வருவதில் பாதி நின்றுபோகும். உன் கழுத்துக்கு நானே கயிறு திரிக்கிறேன். உன்மேல் கோபம்கூட வருகிறது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமேடி.

இன்னொன்று. உன் சான்றிதழ் விண்ணப்பம் என் மேசைக்குத்தான் வர வேண்டும். இயக்குநரிடம் போய், அவள் என் நெருங்கிய தோழி என்று சொல்லிவிட்டேன். உன் கோப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார். முடிவு வரும்வரை நான் உன்னுடன் பேசவோ எழுதவோ கூடாது. நீ எழுது. பிரிக்காமல் வைத்திருப்பேன். பதில் வராது, கோபித்துக்கொள்ளாதே.

நுரை


ஜூன் 6

பதில் போடாத மகராசிக்கு,

திருத்தம் வந்தது. சிப்ஸ் கடைக்காரர் மறுபடி கருகக் கருகப் பொரிக்கிறார் என்று நினைக்காதே. நல்ல சிப்ஸுக்குக் கூட்டம் பழகிவிட்டது, அதனால் எனக்கு எண்ணெய் தருவதையே குறைத்துவிட்டார். தொட்டிகள் பாதி காலி. நாலு நாள் ஆலைக்குள் சும்மா நடந்தேன்.

அப்புறம்தான் சாக்கடை லாரிக்காரரைப் பிடித்தேன். பெரிய சமையலறைகளில் கழுவின நீர் போகும் வழியில் கொழுப்பைப் பிடிக்க ஒரு தொட்டி இருக்குமே, அதில் மிதக்கும் கறுப்புக் கொழுப்பை அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டுவது அவர் தொழில். "இத எதுக்கு மேடம் கேக்கிறீங்க, உங்களுக்கு வீட்ல ஏதும் கஷ்டமா?" என்றார். இதில் உன் திருத்தம் கேட்பதைப்போல் பல மடங்கு அமிலம். இதை யாரும் வேண்டுமென்று உண்டாக்கமாட்டார்கள், பயப்படாதே. நாற்றம் அப்படி.

முதலில், டீசல் காய்ச்ச வழக்கமாகச் சேர்க்கும் காரத்தைச் சேர்த்தேன். அமிலமும் காரமும் சேர்ந்து தொட்டி முழுக்கச் சோப்பாகிவிட்டது. தரை மட்டும் பளபளவென்று ஆனது. பிறகுதான் சுவரோரம் பார்த்தேன். நாம் டீசல் காய்ச்சும்போது அடியில் மிஞ்சுமே கிளிசரின், வாங்க ஆளில்லாமல் பீப்பாய் பீப்பாயாகக் கிடக்கிறது. அதைச் சேர்த்து நல்ல சூட்டில் கொதிக்கவிட்டால் அமிலத்தைப் பிடித்துக் கட்டி மறுபடி எண்ணெயாக்கிவிடும். படித்ததுதான், செய்து பார்க்கும் அவசியம் வரவில்லை. நீ வரவழைத்தாய். மூன்று தடவை கெட்டது, நான்காவது வந்தது. நுரை, நான் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொள்ளாத குறை, சூடாக இருந்ததால் தப்பித்தது.

நேற்று உங்கள் ஆட்கள் சோதனைக்கு வந்தார்கள். ஒருவர் கொழுப்பை மோந்து பார்த்துவிட்டு வெளியே ஓடினார். மற்றவர் மாதிரி எடுத்துப் போயிருக்கிறார். சான்றிதழ் கிடைத்தால் பிழைத்தேன், கிடைக்காவிட்டால் ஜூலையில் பூட்டு. எப்படியானாலும் இதை உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று இருந்தது. நீ பிரிக்கமாட்டாய் என்று தெரிந்தும் சொல்கிறேன்.

உன்,
மண்டி


ஜூலை 3

என் கண்ணே மண்டி,

உன் சான்றிதழில் இன்று காலை கையெழுத்தானது. எனக்கு எல்லோருக்கும் பிறகுதான் தெரிந்தது, அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். உடனே அறைக்கு வந்து உன் கடிதத்தைப் பிரித்தேன். படித்துக்கொண்டே அழுதேன், மோந்து பார்த்துவிட்டு ஓடியவர் பக்கம் வந்ததும் சிரித்துவிட்டேன். அவர் அந்தச் சட்டையை இன்னும் வீட்டுக்குள் கொண்டுபோகவில்லையாம். இங்கே எல்லோரும் உன் கிளிசரின் வேலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஓட்டையை அடைக்க நான் ஒரு வரி எழுதினேன். நீ அந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு புது வழியே போட்டிருக்கிறாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இயக்குநர் மதியம் கூப்பிட்டார். பிரிவுத் தலைவர் பதவி காலியாகிறது, என் முறைதான். ஆனால் தலைவரானால் எல்லா ஆலைகளின் கோப்பிலும் கையெழுத்துப் போட வேண்டும், உன்னுடையதிலும். தோழி என்று நான் சொன்னது பதிவில் இருக்கிறது, அது இருக்கும்வரை பதவி தர முடியாதாம். அவர் நல்ல மனுஷர், ஒரு வழி காட்டப் பார்த்தார்.

"இந்த நெருக்கம் எது வரைக்கும்னு ஒரு தேதி போட்டுட்டா போதும்மா. அதுக்கப்புறம் பழக்கம் இல்லைன்னு எடுத்துக்கலாம். எப்போன்னு போடட்டும்?"

"அந்தத் தேதி இடத்தக் காலியாவே விட்டுடுங்க சார்," என்றேன்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன்.

உன்,
நுரை